நானூற்றுப் பன்னிரண்டு பூஜ்யங்கள்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் வெளிவாசல் சும்மா திறக்காது. “வலி எத்தனை?” என்று கேட்கும். பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றாலே வெளிநடை உரிமம் பறிபோகும். பிறகு ஆயுள் முழுக்க நிலத்தடிக் காளான் கொட்டகைதான். எனவே தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று “பூஜ்யம், பூஜ்யம்” என்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள்.

வேல்விழியும் பதினோரு வருடமாக ஒப்பிக்கிறாள். சூரியத் தகடுகளைத் துடைக்கச் சரிவில் ஏறி இறங்கும் வேலை. ஏறி ஏறிக் கணுக்காலின் முன்பக்கம் எலும்பு துருத்தி, பாதம் மடங்கும்போதெல்லாம் சதையை நசுக்கியது. வலிக்கிறது என்று யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. ஸ்கேனில் துருத்தல் தெரிந்தால் மருத்துவக் கூடமே கூப்பிட்டுவிடும்.

போன வருடம் வலது காலுக்கு நுண்துளை அறுவை நடந்தது. இரண்டு சிறு துளைகள் போட்டு, இயந்திர மருத்துவர் உள்ளே துருத்தலைச் செதுக்கும். ஆறே வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். வலியும் கூடவே திரும்பியது. தன் உடம்புதான் சரியில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

இன்று இடது கால். நடைபாதையில் கூட வேலை பார்க்கும் அருளப்பன் எதிர்ப்பட்டார். அவருக்கு இரண்டு காலிலும் அறுவை ஆகிவிட்டது.

“அண்ணே, உங்களுக்கு நெசமாவே சரியாப் போச்சா?”

“சூப்பரா இருக்கும்மா. ஓடலாம் போல இருக்கு” என்றவர், சுவரைப் பிடித்தபடியே போனார்.

படுக்கையில் கிடந்தபடி இயந்திரத்திடம் கேட்டாள்: “போன தடவை முழுசாச் செதுக்குனீங்களா?”

“ஆரம்பத்தில் முழுதாகத்தான் செதுக்கினேன், நாற்பது நிமிடம். பிறகு வெளிவாசலில் எல்லோரும் பூஜ்யம் என்றார்கள். பாதி செதுக்கிப் பார்த்தேன், அப்போதும் பூஜ்யம். இரண்டு வருடமாகத் துளை மட்டும்தான் போடுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வலி பூஜ்யம். நீங்களும் அவர்களில் ஒருவர்.”

 வேல்விழிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தலைமாட்டில், வெளிவாசலோடு இணைந்த அவளுடைய உரிம விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“இன்று துளையும் போடாமல் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வலது கால் வலி எத்தனை?”

அவள் அந்த விளக்கைப் பார்த்தாள்.

“பூஜ்யம்.”

“நன்றி” என்றது இயந்திரம். “முடிந்தது, எழுந்துகொள்ளலாம். உங்களைப் போன்றவர்களால்தான் மருத்துவம் முன்னேறுகிறது.”