தம்பிக்கு மேலே தளம்

துடைத்த இடம் மறுபடியும் ஈரமாக இருந்தது. புதிதாகப் பதித்த டைல்ஸ் இரண்டுக்கு நடுவே, சிமெண்ட் அடைத்த இடுக்கில், நூலளவு செந்நிறக் கசிவு. வெனிங் குனிந்து முகர்ந்தாள். வெயிலில் மறந்துபோன இறைச்சிப் பையைப் பிரித்ததுபோல் ஒரு வாடை. அதற்குள்ளே அவளுடைய தாய்ப்பாலின் இனிப்பும்.

சுரபாயா மாதிரி ஜாவாப் பெருநகரத்தில் வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடம் கிடைப்பதே அதிசயம். கோழி கிளறிய மொட்டை மண்ணில் இப்போது பிரம்பு நாற்காலிகள், பிளாஸ்டிக் புல், சுவரில் வழியும் நீர், தலைக்கு மேல் சரஞ்சரமாகப் பல்புகள். விருந்துக்கு வரும் ஆபீஸ்காரர்கள் பாதி சாப்பாட்டிலேயும் மீதி பொறாமையிலேயும் வயிறு நிறைந்து போவார்கள் என்று அவள் புருஷன் செனோவுக்கு நம்பிக்கை.

அவளுக்கோ வேறு கவலை. தளம் போட்டதிலிருந்து கைக்குழந்தை லிந்தாங் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் இளைக்கவுமில்லை. கன்னம் உப்பி, தொடை மடிப்பு விழுந்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கினான்.

"மஸ், இங்க என்னமோ நாறுது." புருஷனை அவள் 'மஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

செனோ அடுப்பில் இறைச்சி கோத்த சாத்தேக் குச்சிகளைப் புரட்டினான். "புதுச் செருப்பே ரெண்டு நாள் கடிக்குது. புது டைல்ஸ் நாறக்கூடாதா?"

"தம்பிய வாசப்பக்கம் மாத்திட்டேன்னீங்க. அங்க விளக்கே இல்லையே?"

தம்பி என்றது நஞ்சுக்கொடியை. கூடப் பிறந்ததை ஜாவாக்காரர்கள் குழந்தையின் தம்பியாகவே நினைப்பார்கள். கழுவி, உப்பும் பூவும் இட்டு, மண்சட்டியில் வைத்து அப்பனே புதைப்பான், மேலே விளக்கேற்றுவான். செனோவும் இந்த மண்ணில்தான் புதைத்திருந்தான்.

"மேஸ்திரி கலவையப் போட்டுட்டு நிக்கிறான், வெனிங். அந்நேரம் நான் தோண்டிக்கிட்டா இருக்க முடியும்?" அவன் பல்புச் சரத்தைக் காட்டிச் சிரித்தான். "இத்தனை விளக்கு எரியுது பாரு. நம்ம தம்பிக்கும் மாடர்ன் வாழ்க்கை!"

பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் பாங்கு கேட்டது. பச்சைப்பிள்ளை வெளியே இருக்கக்கூடாத வேளை.

"லிந்தாங் எங்க?"

"அந்த மூலையில. அங்க போட்டாத்தான் அழமாட்டேங்கிறான்."

நாற்காலிக்குப் பின்னால், பாயை விட்டு உருண்டு, வெறும் டைல்ஸில் குப்புறக் கிடந்தான். நீர் வழியும் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தம். சப்புகிற சத்தம். நின்று, விழுங்கி, மறுபடி சப்புகிற சத்தம்.

கால் வைத்தாள். டைல்ஸ் சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

தூக்கினாள். வரவில்லை.

இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பிசின் இழுபடுவதுபோல் ஏதோ இழுபட்டது.

கொடி.

ஆறிப்போன தொப்புளிலிருந்து இடுக்குக்குள். ஊதாவும் வெள்ளையும் முறுக்கிய, சளி படிந்த கொடி. துடித்தது.

இழுத்தாள்.

லிந்தாங் அழவில்லை. தளத்துக்கு அடியில் ஒன்று வீறிட்டது. பசியில் அழும் பிள்ளையின் குரல்.

நெஞ்சு கூசியது. கேட்ட மாத்திரத்தில் அவள் மார்பு இரண்டும் சுரந்து, சட்டையை நனைத்து, சொட்டுச் சொட்டாக டைல்ஸில் விழுந்தது. இடுக்கு மெல்ல வாய் திறந்து அதைக் குடித்தது.