பின்கதவு மூட மறுக்கிறது

படிக்கட்டின் அடியில் மச்சான் அசையாமல் கிடந்தார்.

பல் டாக்டர் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தார்.

மூச்சு தட்டுப்படவில்லை.

சற்று முன்பு வரை மாடி அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். மனைவியின் அண்ணன். குரலைக்கூட உயர்த்தாமல்தான் சொன்னார்.

"உங்க பட்டம் போலின்னு விசாரிச்சுட்டேன் மாப்ள. தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா... இல்ல நான் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டுப் படியிறங்கத் திரும்பினார். டாக்டரின் கைகள் தாமாகவே முன்னால் போய்விட்டன.

ஒரே தள்ளு.

மதிய இடைவேளை. நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் அவரைத் தார்ப்பாயில் சுருட்டினார். கிளினிக்கின் பின்பக்கம் நின்ற தன் பழைய காருக்கு இழுத்துப்போய், மூச்சு வாங்க டிக்கிக்குள் ஏற்றினார்.

மோட்டாரால் ஏறி இறங்கும் பின்கதவின் பட்டனை அழுத்தினார்.

கதவு மெல்ல இறங்கியது. பாதி வந்தது. நின்றது.

பீப்... பீப்...

மறுபடி மேலே போய்விட்டது.

இன்னொரு முறை அழுத்தினார். இறங்கியது, நின்றது, ஏறியது. கையால் பிடித்து அமுக்கினார். மோட்டார் முனகிக்கொண்டே அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது.

செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் உங்களைப் பார்க்க வர்றேன்னு சொன்னாரே. வந்தாரா?"

"இல்லையே..."

"போன் போகவே மாட்டேங்குது. மனசு என்னமோ மாதிரி இருக்குங்க."

"எங்கயாவது சிக்னல் கிடைக்காத இடத்துல இருப்பார். நீ கவலப்படாதே."

போனை வைத்தார். பட்டனை மறுபடி அழுத்தினார். காலில் விழாத குறை.

பீப்... பீப்...

"என்ன டாக்டர், கதவு மூடலையா?"

டாக்டர் சட்டென்று தார்ப்பாயை மறைத்து நின்றார்.

பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக். சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"இல்லப்பா... அது ஒண்ணுமில்ல... நானே பார்த்துக்கறேன்."

"நீங்க பல்லைப் பாருங்க. இத நான் பார்க்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டான்.

"உள்ள என்ன டாக்டர், இவ்ளோ பெருசா?"

"பழைய சேர். நோயாளிங்க உட்கார்றது. ஒடஞ்சு போச்சு."

டாக்டரின் கை, டயர் கழற்றும் ராடைத் தேடி எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

மெக்கானிக் கதவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். தாங்கி நிற்கும் ராடுகளை அழுத்தினான். கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாயை ஒதுக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வயர் தேஞ்சு விட்டுப் போயிருக்கு. நடுவுல ஏதோ இடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு கதவு திரும்பிப் போகுது. பழைய வண்டியில இது சகஜம். லாக்குலயும் அழுக்கு."

"சீக்கிரம் பாருப்பா. எனக்கு அவசரம்."

மெக்கானிக் குனிந்தான். தார்ப்பாயை ஒட்டிக் கையை விட்டு லாக்கைத் துடைத்தான். துடைத்த கை ஒரு நொடி நின்றது.

பார்த்துவிட்டானா?

டாக்டர் ராடை இறுக்கிப் பிடித்தார்.

மெக்கானிக் நிமிர்ந்தான். முகத்தில் எதுவும் இல்லை.

"மோட்டார் கனெக்‌ஷனக் கழட்டி விட்டுடறேன். கையாலயே மூடிக்கலாம்."

ஏதோ கழற்றினான். கதவை இழுத்துச் சாத்தினான்.

டக்.

அந்தச் சத்தம் டாக்டருக்குத் தேனாக இனித்தது.

ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரி. அடியில் பச்சைத் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை.

டாக்டர் காரை விளிம்பு வரை பின்னால் விட்டு நிறுத்தினார். இறங்கி வந்து கைப்பிடியை இழுத்தார்.

கதவு அசையவில்லை.

பட்டன்... ரிமோட்... ஊஹூம்.

பின்சீட்டு வழியாக எடுக்கலாமென்றால் குறுக்கே இரும்பு வலை. வண்டியை விற்றவர் தன் நாய்க்காகப் போட்டது. ராடால் நெம்பினார். உள்ளங்கைதான் கிழிந்தது.

வேறு வழி தெரியவில்லை. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார்.

"கதவு திறக்க மாட்டேங்குதுப்பா. எப்படித் திறக்கறது?"

"திரும்பிப் பாருங்க டாக்டர்."

மேட்டின் மேல் போலீஸ் ஜீப். பக்கத்தில் பைக்கோடு மெக்கானிக்.

டாக்டரின் கையிலிருந்து ராடு நழுவியது.

"லாக்கைத் துடைக்கும்போது உள்ளேர்ந்து ஒரு கை என் விரலைப் புடிச்சுது," என்றான் மெக்கானிக் இறங்கி வந்து. "கத்தலாம்னு பார்த்தேன். நீங்க முதுகுக்குப் பின்னால ராடு வச்சிருந்ததையும் பார்த்தேன். பூட்டிட்டா நீங்க அவரத் தொட முடியாதுன்னு தோணுச்சு. அதான் திறக்கற கம்பியையும் கழட்டிட்டு மூடினேன். மூடிட்டு இவங்களுக்குப் போன் போட்டு, உங்க பின்னாலயே வந்தேன்."

கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு லாக்கைத் தட்டினான். கதவு திறந்தது.

தார்ப்பாய் அசைந்தது.

"தண்ணி..." என்றார் மச்சான்.

டாக்டருக்கு இப்போதுதான் உறைத்தது. அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால், கால் தவறி விழுந்தார் என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

"உசிர் இருக்கா போச்சான்னுகூடப் பார்க்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் கூடவே இறங்கி வந்த இன்ஸ்பெக்டர்.

டாக்டர் மரமாக நின்றார். இரண்டு கைகளும் செயலற்றுத் தொங்கின.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார்.

"கையத் தூக்குங்க டாக்டர். அதுக்கு மோட்டார் வேண்டாம்."