வெறும் வயிற்றில் வந்தவர்

மனிதன் உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். தன் உடம்பிடம் மட்டும் சொல்ல முடியாது. முப்பது வருடங்களாக மேடை மேடையாக, கண்ணை மூடி, வலது கையை நெஞ்சில் வைத்து, என் மாமனார் இதைச் சொல்லிவருகிறார். ஸ்கேன் பிரிவில் கொடுத்த படிவத்தில், 'கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்விக்கு 'நேற்று இரவு எட்டு மணி' என்று அவர் எழுதியபோது, அவருடைய மீசையில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது. கொஞ்சம் வெண்ணெயும்.

நான் பார்த்தேன். மாமனாரின் மீசையைத் துடைத்துவிடுவது மாப்பிள்ளையின் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அவரை 'ஆரோக்கியச் செம்மல்' என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்த சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். மருந்து மாத்திரையைக் கையால் தொடாமல் அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்தவர் என்பது அவர் பேச்சின் முதல் வரி. 'மூன்று நாள் மௌனம்' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன் எங்கோ தனியாகப் போய், மூன்று நாள் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்து பெற்ற ஞானம் அது. ஏழு பதிப்பு போயிருக்கிறது. படிவம் கொடுத்த வரவேற்புப் பெண்ணுக்கும் ஒரு பிரதி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு அதன் மேல் டீ டம்ளரை வைத்தாள்.

இரண்டு மாதமாக அவருக்கு வயிற்றில் வலி. எட்டு கிலோ இளைத்துவிட்டார். அதைக்கூட ஒரு கூட்டத்தில் சாதனையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். டாக்டருக்குக் கை தட்டத் தோன்றவில்லை. கணையத்துக்குப் பக்கத்தில் ஏதோ நிழல் தெரிகிறது, நரம்பில் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தால்தான் அது என்னவென்று சொல்ல முடியும் என்றார். என் மனைவி வாசல்வரை வந்து, என்ன ஆனாலும் அப்பாவை முழுசாகத் திருப்பிக் கூட்டி வரவேண்டும் என்று என்னிடம் சொல்லியனுப்பினாள்.

படிவத்தில் மற்ற கேள்விகளும் இருந்தன. இதற்கு முன் இந்தச் சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? ஒவ்வாமை? மூச்சிரைப்பு? சர்க்கரைக்கு மாத்திரை? மாமனார் முதல் கேள்வியில் 'இல்லை' என்று எழுதி, அதிலிருந்து நேர்கோடு ஒன்றைக் கீழ்வரை இழுத்துவிட்டார். எடைக்கு மட்டும் எண் கேட்டிருந்தது. எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு என்றாள் வரவேற்புப் பெண்.

"நல்லவேளை, இது மாப்பிள்ளைக்கு இல்ல. அவருக்குன்னா குடத்துல கொண்டு வரணும்" என்றார் மாமனார்.

நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தேன்.

ஸ்கேன் அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. படி இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, பகல் பதினொரு மணி என்பதே மறந்துபோனது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஆளுயரத்துக்கு, சாய்ந்து சாய்ந்து தேய்ந்த தலைகளின் எண்ணெய்க் கறை வரிசையாக இருந்தது. பினாயில் வாடை, அதற்கு அடியில் ஊறிய தரைத்துணியின் வாடை, அதற்கும் அடியில், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத இருபது வாய்களின் புளித்த மூச்சு.

மாமனாருக்கு ஒரு பெரிய ஜாடியில் வெள்ளைத் திரவம் கொடுத்தார்கள். குடல் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காம். ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் குடிக்க வேண்டும். கரைத்த சுண்ணாம்பில் சர்க்கரையும் ஆரஞ்சு மணமும் சேர்த்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஒருமுறை மறுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது. மீசை வெளுத்தது. ரொட்டித் துகள் அந்த வெள்ளையில் ஊறி, உப்பி, மெதுவாக மேலுதட்டை நோக்கி நகர்ந்தது. அவர் நாக்கை நீட்டி அதை எடுத்துக்கொண்டார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்தவர் என் காலடியில் வந்து நின்றார். மீசையை அவரும் பார்த்திருக்க வேண்டும். குனிந்தபடியே பேசினார்.

"சார், உங்க ஆளு வெறும் வயித்துலதான் வந்திருக்காரா?"

ஆமாம் என்றேன்.

"முட்டைக்காரரும் அப்படித்தான் சொன்னாரு."

பத்து வருடத்துக்கு முந்தைய கதை. பெரிய கட்டிடக் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். பசி பொறுக்காத மனுஷன். வாசலில் காரிலேயே உட்கார்ந்து நாலு அவித்த முட்டையை முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் வயிறு என்று கையெழுத்துப் போட்டார். மருந்து ஏறியதும் சிலருக்குக் குமட்டும். வயிறு காலியாக இருந்தால் அதோடு போய்விடும். அவருக்கு நாலும் மேலே வந்தன. மல்லாந்து படுத்திருந்தவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கியது. வெளியே இழுப்பதற்குள் முடிந்துவிட்டது. இவர்தான் அந்த இயந்திரத்தின் வளையத்தைத் துடைத்தவர். மஞ்சள் கரு சந்து பொந்தெல்லாம் போய்க் காய்ந்திருந்ததாம்.

"அப்புறம் மெஷினை மாத்திட்டாங்க. ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. வாடை மட்டும் போகல. எல்லா நேரமும் வராது சார். படிவத்துல யாராவது பொய் எழுதிட்டுப் படுத்தா வரும். வாடை வந்துச்சுன்னா ஸ்கேன் எடுக்கற அக்கா ஊசி போட மாட்டாங்க."

ஏசி பழுதால் வரும் மணத்தைப் பற்றி ஊழியர்கள் வதந்தி பரப்பக் கூடாது என்று நிர்வாகம் ஒட்டிய சுற்றறிக்கை எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. அதன் ஓரத்தில் யாரோ பேனாவால் ஒரு முட்டை வரைந்திருந்தார்கள்.

ஸ்கேன் எடுக்கும் அம்மாளை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் அழைத்தார்கள். ஐம்பது வயது இருக்கும். சளிப் பிடித்தவரைப்போல அடிக்கடி மூக்கை உறிஞ்சினார். மாமனாரைப் படுக்க வைத்து, ஒரு கையில் ஊசி செருகி, மறு கையில் ஆளைக் கூப்பிட ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, மருந்து நிரம்பிய பம்ப்போடு குழாயை இணைத்துவிட்டுச் சொன்னார்: மருந்து ஏறியதும் உடம்பு முழுக்கச் சூடு பரவும். வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ருசி வரும். சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்காது, பயப்பட வேண்டாம். எல்லாம் ஒரு நிமிடத்தில் அடங்கும்.

"ஆனா அரிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சு முட்டல், இதுல எது வந்தாலும் இந்தப் பந்தை அமுக்குங்க ஐயா. பொறுத்துக்கலாம்னு இருக்காதீங்க."

"பொறுமையைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியாம்மா?" என்றார் மாமனார். விஞ்ஞானத்தின் மடியில் மெய்ஞ்ஞானம் படுத்திருப்பதைப் படம் எடுக்கச் சொல்லி என்னிடம் கண் காட்டினார். பின்பக்கம் கட்டாத மருத்துவமனை அங்கியில், வெளுத்த மீசையோடு, மெய்ஞ்ஞானம் வளையத்துக்குள் போனது. நான் அக்காவோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கதவு மூடியது. இயந்திரம் உறுமத் தொடங்கியது. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் பேசியது.

மூச்சை இழுங்கள். நிறுத்துங்கள். மூச்சை விடுங்கள்.

மருந்து இல்லாமல் எடுக்கும் முதல் படம் முடிந்தது. அக்காவின் விரல் பம்ப்பின் பொத்தானுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

அவர் மூக்கை உறிஞ்சினார்.

எனக்கும் வந்தது. முதலில் லேசாக, மூடிவைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததுபோல். பிறகு கனமாக. அவித்து, மென்று, விழுங்கி, திரும்ப வந்த முட்டையின் வாடை. வெதுவெதுப்பாக இருந்தது. வாடைக்குச் சூடு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் நாக்கில் அது படிந்தது. எச்சிலை விழுங்கவும் அருவருப்பாக இருந்தது, விழுங்காமலிருக்கவும் முடியவில்லை.

"ஐயா, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று அக்கா மைக்கில் கேட்டார்.

"நேத்து ராத்திரி எட்டு மணி" என்றது மேடைக் குரல்.

வாடை இரண்டு மடங்கானது.

அக்கா மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். உதட்டை மூடிக்கொண்டார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் கேட்டது.

வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுபவரின் குரல். ஈரமாக. மிக அருகில்.

"சாப்… பிட்டீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வளையத்தின் உள் விளிம்பில் ஏதோ திரண்டது. மஞ்சளாக, கொழகொழவென்று. தன் கனம் தாங்காமல் நீண்டு, இழையாகி, மாமனாரின் நெற்றியில் விழுந்தது.

அவர் அசையவில்லை.

அடுத்த சொட்டு மீசையில் விழுந்தது.

"ரொட்டி" என்றார் மாமனார். மேடைக் குரல் எங்கோ போயிருந்தது. "காலைல… நாலு துண்டு. வெண்ணெயோட."

வாடை கொஞ்சம் இறங்கியது. நான் எழப் பார்த்தேன். அக்கா என் கையை அழுத்தி உட்கார வைத்தார்.

"இன்னும் இருக்கு சார்" என்றார், காய்ச்சல் பார்ப்பவரைப்போல. மைக்கை அழுத்தினார். "வேற, ஐயா?"

இயந்திரத்துக்குள் யாரோ மென்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல்.

"மாத்திரை" என்றார் மாமனார். "சர்க்கரைக்கு. ஒன்பது வருஷமா. புதினா மிட்டாய் டப்பாவுல வச்சிருக்கேன்."

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அவர் அந்த டப்பாவைத் திறப்பதை வீடே பார்த்திருக்கிறது. ஒருமுறை என் பெண் மிட்டாய் கேட்டதற்கு, குழந்தைகளுக்கு இனிப்பு ஆகாது என்று கால் மணி நேரம் பேசினார்.

"அது பெரிய விஷயமில்ல ஐயா. சொல்லியிருந்தா போதும், டாக்டர் பார்த்துக்குவாரு" என்ற அக்கா மறுபடி மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது. "இன்னும் இருக்கே."

இப்போது வாடை அந்த அறையில் இல்லை. எங்கள் அறையில் இருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு, வெதுவெதுப்பாக, துகள்களோடு. நான் திரும்பவில்லை. என் காலரில் ஏதோ ஈரமாக விழுந்தது.

"மாமா, சொல்லிடுங்க" என்றேன். பதினைந்து வருடத்தில் நான் அவருக்குச் சொன்ன ஒரே அறிவுரை அதுதான்.

குழந்தைபோல அழும் குரலில் அவர் சொன்னார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி, வேற ஆஸ்பத்திரில, இதே மருந்து. உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. தொண்டை அடைச்சுக்கிச்சு. மூணு நாள் பேச முடியல."

ஏழு பதிப்பு போன மௌனம் அதுதான்.

வாடை சட்டென்று நின்றது. விளக்கை அணைத்ததுபோல.

அக்கா உள்ளே போய் முதலில் பம்ப்பின் குழாயைக் கழற்றினார். திரும்பி வந்து, படிவத்தில் அந்த முதல் கேள்வியைச் சுற்றி வட்டம் போட்டார். ஒருமுறை அப்படி ஆனவருக்கு மறுபடி அதே மருந்து ஏறினால், இந்த முறை தொண்டை மூன்று நாள் காத்திருக்காது என்றார். படிவத்தில் மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது உண்மையை எழுதுங்கள் என்று வருகிறவர்களிடம் அவர் தலைபாடாய் அடித்துக்கொள்கிறாராம்.

மாமனாரின் நெற்றியை நான்தான் துடைத்தேன். உலர்ந்திருந்தது. மீசையில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. அங்கிக்கு அடியில் விரித்திருந்த காகிதம் நனைந்திருந்தது. அது சாய மருந்தால் வரும் வெறும் தோற்றம் என்று அவர் எனக்கு விளக்கினார். மருந்து ஒரு சொட்டுக்கூட ஏறியிருக்கவில்லை.

பத்து நாள் கழித்து, முந்தைய நாளிலிருந்தே ஒவ்வாமைக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்து, வேறு வகை மருந்து ஏற்றி, பக்கத்தில் ஒரு டாக்டரை நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள். வாடை வரவில்லை. நிழல் சின்னக் கட்டியாக இருந்தது, ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். ஆள் முழுசாக வீடு திரும்பினார். இப்போது 'உண்மையே மருந்து' என்ற தலைப்பில் பேசிவருகிறார். போன கூட்டத்தில், கத்தியின்றி ரத்தமின்றிக் குணமான கதையைச் சொல்லத் தொடங்கியதும், முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். கண்ணுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார். மூக்குக்கு.

ஒரு மாதமாக எனக்கு வயிற்றில் வலது பக்கம் வலி. அதே ஸ்கேன்தான். படிவத்தை முன்கூட்டியே வாங்கி வந்து, நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒவ்வாமை இல்லை. மூச்சிரைப்பு இல்லை. மாத்திரை எதுவும் இல்லை. எல்லாம் உண்மை. ஒவ்வொன்றாக, நிதானமாக எழுதினேன். கடைசியில் ஒரு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

உள் அறையிலிருந்து மனைவி கேட்டாள். "என்னங்க, முட்டை ஏதாவது வேக வச்சிருக்கீங்களா?"

வீட்டில் முட்டை இல்லை. அடுப்பு அணைந்திருந்தது.

கழுத்துக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருந்தது.

படிவத்தில் எழுபத்தெட்டு என்று எழுதியிருந்தேன். என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ.