வெயிலடித்தால் விட்டுப்போகும் வைஃபை

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்ஃபோன், லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த சுகுணா அதிகம் பேசமாட்டாள். அவள் கணவன் முருகேஷ் நேர்மாறு. கடையின் மறுபாதியில் ஜெராக்ஸ் மெஷின் ஓட்டுவதுதான் அவன் வேலை என்றாலும், மனைவியிடம் வரும் ஒவ்வொரு வில்லங்கத்துக்கும் முதல் ஆளாகக் காரணம் சொல்வது தன் பொறுப்பு என்று அவன் மனதார நம்பினான். பத்து முறை மூக்குடைபட்டும் பதினோராவது முறைக்கு அசரமாட்டான்.

அந்த மார்ச் மாத வியாழக்கிழமை, மணி பதினொன்றரை. ஒரு தோளில் எட்டு மாதக் குழந்தையும் மறு தோளில் லேப்டாப் பையுமாக ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பெயர் ஜெனிஷா.

"அக்கா, மூணு மணிக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணலைன்னா என் பொழப்பே போச்சுங்க!"

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகவும், மூன்று வாரமாக லேப்டாப்பில் வைஃபை அறுந்து அறுந்து போவதாகவும் அவள் சொன்னாள். இன்று மூன்றிலிருந்து நான்கு மணிவரை மேனேஜர் வீடியோவில் வந்து சோதிக்கப் போகிறார். நடுவில் அறுந்தால், திங்கட்கிழமை முதல் பெங்களூர் அலுவலகத்துக்கே வரவேண்டும்.

"இவளைத் தூக்கிக்கிட்டு நான் அங்க தனியா என்ன பண்ணுவேன்? அவருக்கு ஒகேனக்கல் பஸ்ல கண்டக்டர் வேலை. விட்டுட்டு வர முடியாதுங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுகுணா குழந்தையை வாங்கி முருகேஷிடம் கொடுத்தாள். "எந்த நேரத்துல அறுந்து போகுது?"

"காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் நாலரை வரைக்கும் வந்து வந்து போகும். அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல. போன வாரம் ரெண்டு நாள் மழை மூட்டமா இருந்துச்சே, அப்பவும் நல்லா நின்னுச்சு."

"ஃபோன்ல?"

"ஃபோன்ல எப்பவும் நல்லாத்தான் வருது. லேப்டாப்புக்குத்தான் இந்தக் கேடு. ஓரத்துல ஏதோ சின்னதா எழுத்து வரும். படிக்கிறதுக்குள்ள மறைஞ்சிடும்."

"சூடு!" என்றான் முருகேஷ், குழந்தை திடுக்கிடும் அளவுக்கு. "வெயில் ஏற ஏற லேப்டாப் காயுது, அறுந்து போகுது. மழை பேஞ்சா ஆறிடுது!"

சுகுணா லேப்டாப்பைக் கடையின் வைஃபையில் இணைத்து, தகரக் கூரைக்கு அடியிலேயே கால் மணி நேரம் வீடியோ ஓடவிட்டாள். கூரை கொதித்தது, மூவருக்கும் வியர்த்தது. வீடியோ ஒரு தடவைகூட நிற்கவில்லை. முருகேஷ் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வூட்டு வைஃபைக்கு இதுல ஒரு நம்பர் போட்டிருக்குதே. கடைசியில பதின்மூணு. நீங்க வெச்சதா?" என்று திரையைப் பார்த்தபடி சுகுணா கேட்டாள்.

"ஆமாங்க. வேலைக்குச் சேர்ந்தப்ப ஆபீஸ்ல ஒரு நம்பரை நிலையா வைக்கச் சொன்னாங்க. ஜூன் பதின்மூணு அந்தோணியார் திருநாள். சரி, அவரே காவலா இருக்கட்டும்னு வெச்சேன்."

கடையைச் சாத்திவிட்டு மூவரும் ஜெனிஷாவின் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுச் சொந்தக்காரர் புஷ்பமேரி கீழ்வீட்டில் இருந்தார். மாடியில் ஜெனிஷா. பின்கட்டில் ஜோசப் ராஜ் என்ற இளைஞன், அரசுத் தேர்வுக்குப் படிப்பவன். மூன்று வீட்டுக்கும் ஒரே வைஃபை. அதன் பெட்டி புஷ்பமேரியின் கூடத்தில், அந்தோணியார் படத்துக்குக் கீழே, மல்லிகைச் சரம் சுற்றி இருந்தது.

"பின்கட்டுத் தம்பிதான் பகலெல்லாம் வீடியோ பாடம் பார்த்து இழுத்துடறான்" என்று ஜெனிஷா காதோடு சொன்னாள். அவனோடு இருபது நாளாகப் பேச்சு இல்லையாம்.

முருகேஷ் உடனே பின்கட்டுக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றான். "தம்பி, போன சனிக்கிழமை பகல்ல எங்க இருந்தீங்க?"

"தருமபுரியில பரீட்சை எழுதிட்டு இருந்தேங்க அண்ணா. ஃபோனைக்கூட வெளியில வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"சனிக்கிழமையும் அறுந்துச்சா?" என்று சுகுணா திரும்பிக் கேட்க, ஜெனிஷா தயங்கித் தலையாட்டினாள். இருபது நாள் கோபம் அநியாயமோ என்று அவள் முகம் சுண்டிப்போயிற்று.

சமையலறையில் புஷ்பமேரி கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. உப்பு ஜாடியின்மேல் ஃபோன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இந்த வைஃபையில உங்க வூட்டுல என்னென்ன ஓடுதுங்கம்மா?"

"என்கிட்ட ஃபோன் ஒண்ணுதான் கண்ணு. வேற என்ன இருக்குது?" என்றவர், சட்டென்று துடுப்பைப் போட்டுவிட்டு, "கட்டையில போறதுங்களா!" என்று கத்தியபடி மூங்கில் குச்சியோடு மாடிப்படியில் பாய்ந்தார்.

முருகேஷ் பின்னாலேயே ஓடினான். மொட்டை மாடி முழுக்கப் புளியம்பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பரப்பும் பழத்துக்கும் ஓடு உரிக்க நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். கைப்பிடிச் சுவரில் மூன்று குரங்குகள் வாய் நிறையப் புளியோடு உட்கார்ந்திருந்தன. குச்சியைக் கண்டதும் ஓடிவிட்டன.

"குரங்கு வயரைக் கடிக்குது!" முருகேஷ் மூச்சு வாங்கக் கீழே வந்தான். "கண்டுபுடிச்சுட்டேன் சுகுணா!"

"ஏங்க, வயரைக் கடிச்சா ஃபோன்லயும்தானே வராது? ஆனா குரங்கு விஷயத்துல பாதி சரியாத்தான் சொல்றீங்க. எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிடுங்க."

பாதி சரி என்ற சொல்லே அவனுக்குப் பாயாசம் குடித்தது போல இருந்தது. இரண்டரைக்கு ஐவரும் கூடத்தில் கூடினார்கள்.

"அம்மா, உங்க சமையக்கட்டுல ஜன்னல் இல்ல. மாடியில குரங்கு வந்தது எப்படித் தெரிஞ்சுது?"

"ஃபோன்ல பார்த்தேன் கண்ணு. தண்ணி டேங்குல கேமரா மாட்டியிருக்குதே."

"அதைச் சொல்லவே இல்லீங்களே?"

"அது புளிக்குத்தானே!" புஷ்பமேரி நிஜமாகவே திகைத்தார். "நான் வைஃபையில படமா பார்க்குறேன்?"

"எப்ப மாட்டினீங்க?"

"புளி எடுத்து மூணு வாரம் ஆச்சு. காலையில காயப் போட்டதும் போடுவேன். சாயங்காலம் அள்ளினதும் நிறுத்திடுவேன். மூட்டம் போட்டா காயப் போடமாட்டேன், கேமராவும் வேணாம்."

ஜெனிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வைஃபைக்குள்ள வர்ற ஒவ்வொண்ணுக்கும் வூட்டுக் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் உண்டு" என்றாள் சுகுணா. "ஒரே நம்பர் ரெண்டுக்கு இருந்தா, எந்த வூட்டுக்குக் குடுக்கறதுன்னு தெரியாம தபால்காரர் முழிப்பார். லேப்டாப் ஓரத்துல வந்து மறைஞ்ச எழுத்து அதைத்தான் சொல்லியிருக்கணும். ஃபோனுங்களுக்கு நம்பரை அந்தப் பெட்டியே பார்த்துக் குடுத்துடும், அதனால அதுங்க தப்பிச்சுது. வெயிலடிச்சா புளி, புளி காஞ்சா கேமரா. கேமரா வந்தா லேப்டாப்பு அவுட்டு. அம்மா, கேமரா மாட்டினவர் உங்ககிட்ட ஏதாவது நம்பர் கேட்டாரா?"

"கேட்டார். எதுவா இருந்தாலும் பரவாயில்லன்னார். அந்தோணியாரை நெனச்சுப் பதின்மூணுன்னேன்."

 ஜோசப் ராஜ்தான் முதலில் வெடித்துச் சிரித்தான்.

இனி யார் பதின்மூன்றை விட்டுக்கொடுப்பது என்று அடுத்த சண்டை தொடங்கியது. "நான்தானே முதல்ல வெச்சேன்" என்றாள் ஜெனிஷா. "நேர்ந்து வெச்சதை மாத்தினா புளி வீணாப்போகும்" என்றார் புஷ்பமேரி. கடிகாரம் இரண்டே முக்காலைத் தாண்டியது. 

"அக்கா, முப்பத்தொண்ணு வைங்க" என்றான் ஜோசப் ராஜ். "மே முப்பத்தொண்ணு, எலிசபெத்தம்மாவை மாதா தேடிப் போய்ப் பார்த்த திருநாள். மாதா வந்தா அந்தோணியார் வேணாம்னா சொல்லப் போறார்?"

ஜெனிஷா அவனை நேராகப் பார்த்தாள். "என்னை மன்னிச்சுடு தம்பி. உன்மேல அநியாயமா பழி போட்டுட்டேன்." சுகுணா அதற்குள் லேப்டாப்பின் எண்ணை முப்பத்தொன்றாக மாற்றியிருந்தாள்.

மூன்று மணி. வெளியே மண்டை பிளக்கும் வெயில். மொட்டை மாடியில் கேமரா ஓடியது, மாடி வீட்டில் ஜெனிஷா மேனேஜரோடு வீடியோவில் இருந்தாள், கீழே குழந்தையோடு மற்றவர்கள் காத்து உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பமேரி இரண்டு முறை குரங்கு விரட்டிவிட்டு வந்தார். நான்கு அடித்தபோது மாடியிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது: "ஜெனிஷா, திங்கட்கிழமை நீங்க இங்க வர வேண்டாம்."

வேலையே போய்விட்டது என்று முருகேஷ் தலையில் கைவைத்தான்.

"அங்கேயே இருந்து வேலையைப் பாருங்க. இனிமே பிரச்சினை இல்ல."

ஜெனிஷா படிகளில் அழுதுகொண்டே சிரித்தபடி இறங்கிவந்து, மகளை வாரி எடுத்து முத்தமிட்டு, கணவன் மரிய ஆனந்துக்கு ஃபோன் போட்டாள். "ஏங்க, நாங்க எங்கயும் போகலைங்க! இங்கயேதான் இருக்கப் போறோம்!"

 பதிலுக்கு மறுமுனையில் கண்டக்டர் விசில்தான் வந்தது, சந்தோஷம் தாங்காமல் நீளமாக ஒரு ஊதல். ஒற்றை விசில் என்றால் டிரைவருக்கு 'நிறுத்து' என்று அர்த்தம்; தொடர்ந்து கிறீச்சென்று பிரேக் சத்தம். ஒகேனக்கல் பஸ், நிறுத்தமே இல்லாத காட்டுப் பாதையில் நின்றுவிட்டிருந்தது.