அளவு மீறிய கை

சட்டையின் இடது கை குட்டையாகியிருந்தது. தையல்காரருக்கு அதுதான் முதலில் உறுத்தியது. தன் அளவுக்குத் தானே வெட்டித் தைத்த சட்டை. துணி சுருங்கியிருந்தால் இரண்டு கையும்தானே சுருங்க வேண்டும்?

பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து நாலு மாதம். வலக்கையால் இடத்தோளைத் தடவிப் பார்த்தார். எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல ஒரு விரல் அதில் அமுங்கியது. அசையத் தெரியாத கைக்கு வலி மட்டும் வஞ்சனையில்லாமல் இருந்தது.

“தொங்கவிட்டா கை தன் பாரத்துலயே இறங்கிடும். தலகாணி வச்சுத் தாங்குங்க. தூக்கும்போது அந்தக் கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது,” என்றாள் பயிற்சி கொடுக்க வரும் பெண்.

மனைவியின் தம்பி பவ்யமாகத் தலையாட்டினான். அவள் படியிறங்கியதும் அதே கையைப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்று அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இழுத்தான்.

“ஏன்டா மாப்ள, அந்தப் பொண்ணு சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சு மாமா. ஆனா பிடிக்க வாட்டமா இருக்கறது இதுதான். உங்களுக்குத்தான் உதவல, எனக்காச்சும் உதவட்டுமே.”

மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கடியில் தோளுக்குள் ஏதோ நறுக்கென்றது.

அளவு நாடாவின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு தினமும் அளந்தார். பள்ளத்தில் இரண்டு விரல் போயிற்று. பிறகு மூன்று. மூடியே கிடந்த இடது முஷ்டிக்குள்ளிருந்து புளித்த நாற்றம் வந்தது. விரல்களை நெம்பித் துடைத்தால் ஊறி உரிந்த தோல் வெள்ளைப் பசையாகத் துணியில் ஒட்டியது, மறுநாள் அதே அளவு மறுபடியும் ஊறியிருந்தது. வலக்கையால் பட்டன் தைத்துப் பழகினார். கடையை இன்னும் விற்காமல் வைத்திருந்ததே அந்த ஒரு கையை நம்பித்தான்.

அன்று மத்தியானம் அவரை நாற்காலியில் இருத்திவிட்டு அக்காளும் தம்பியும் மருந்துக்கடைக்குப் போனார்கள். தலகாணி கட்டிலிலேயே கிடந்தது. இடக்கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

இறங்கியது.

மூலைவாக்கில் வெட்டிய துணி இழுபடுவதுபோலத் தோள்தோல் நீண்டது, மெலிந்தது, வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்தது. உள்ளே ஈரச் சத்தம். முஷ்டி தரையைத் தொட்டது. தரையின் குளிர்ச்சி அவருக்குத் தெரிந்தது. நாலு மாதத்தில் முதல் முறையாக.

முஷ்டி திறந்தது. நாற்றம் அறை முழுக்க.

பாதத்தில் ஏதோ பிசுபிசுத்தது. முழங்காலில். தொடையில். சாண் சாணாக. கத்த வாய் திறந்தார். குழறல்தான் வந்தது.

அது வலக்கையின் முழங்கையைத் தடவிப் பார்த்தது. விட்டது. மணிக்கட்டைப் பிடித்தது. அதுதான் வாட்டமான இடம்.

ஈரமான ஆள்காட்டி விரல் மணிக்கட்டில் மெல்லத் தட்டியது.

ஒன்று.

இரண்டு.