துடைத்தால் தூக்கு!

"ஐயோ... யெம்மா...!"

ஆயா பூமாரியின் அலறல் பின்பக்கப் படிக்கட்டிலிருந்து கிளம்பி, சுகப்பிரியா நர்சிங் ஹோமின் மூன்று மாடிகளையும் ஒரே மூச்சில் எழுப்பியது.

தூக்க மாத்திரை போட்டவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

எழாதவர் ஒருவர்தான்.

வேதமாணிக்கம்!

திருவொற்றியூரில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்த பெரிய மனிதர். சர்க்கரைப் புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்து, விடிந்தும் விடியாததுமாக, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டின் அடியில் மல்லாந்து கிடந்தார். வார்டில் சிகரெட்டுக்குத் தடை என்பதால் தினமும் மாடிக்குப் போய் ஊதிவிட்டு வருவார். இன்று வந்து சேரவில்லை.

பின்மண்டைக்கு அடியில் ரத்தம்... இன்னும் காயாத ரத்தம்!

பரசுராமன் ஓடி வந்தான்.

ஓடி வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி வந்தான். இந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர். கட்டடத்தைச் சுத்தமாகவும் பத்திரமாகவும் வைத்திருப்பது அவன் வேலை. அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாம் செய்வான். கேரம் ஆடுவான், எதிர் இட்லிக் கடையில் ஊர்க்கதை அளப்பான், பெரிய டாக்டர் வரும் நாளில் மட்டும் கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பான்.

அவன் பிணத்தைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்தான்.

பைப் ஒழுகி ஒழுகி, படியெல்லாம் பச்சைப் பாசி. உப்புக்காற்றில் அரித்துப்போன கைப்பிடி. பல்பு இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி வலை.

"செத்தேன்!" என்றான்.

செத்தவர் கீழே கிடக்க, இவன்!

"போலீசுக்குப் போன் பண்ணு பரசு," என்றாள் ரோசி சிஸ்டர்.

"இரு அக்கா... இரு! பாசிய பாத்தாங்கன்னா நான் காலி! வழுக்கி வுழுந்துட்டான்னு எழுதுவாங்க. யாரு பொறுப்புன்னு கேப்பாங்க. என்னிய உள்ள தள்ளிடுவாங்கக்கா! வூட்ல ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீதுங்க!"

"அதுக்காக...?"

"ஒரு மணி நேரம் குடு. படிய தேச்சிக் கழுவிர்றேன்!"

"ரத்தம் கெடக்குது பரசு!"

"அதியும் சேத்துத்தான்!"

வேதமாணிக்கத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த தங்கை புருஷன் எபினேசர் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனிடம் போய்க் கையைப் பிசைந்தான் பரசுராமன்.

"சார்... தப்பா நெனச்சிக்காத சார்... படிய மட்டும் கழுவிக்கிறேன்..."

"இதுல தப்பு என்ன தம்பி?" எபினேசர் கண்ணைத் துடைத்தான். "போன உசுரு திரும்பவா போவுது? மச்சானை இப்படித் தரையில போட்டு வைக்காதிய. கட்டில்ல கெடத்துங்க. நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

தெய்வம் என்று நினைத்துக்கொண்டான் பரசுராமன்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பிளீச்சிங் பவுடர் பறந்தது! ஆசிட் நுரைத்தது! தேங்காய் நார் தேய்ந்தது! பரசுராமனே மண்டி போட்டுத் தேய்த்தான். கைப்பிடிக்கு சில்வர் பெயின்ட். புது பல்பு. சுவரில் சுண்ணாம்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத வேலையை ஒரே காலையில் செய்து முடித்தான்.

அப்புறம்தான் போன்.

*

சப்-இன்ஸ்பெக்டர் கார்குழலி படியருகே வந்து மூக்கை உறிஞ்சினாள். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். எந்த நாற்றமும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது வாசனை!

"இன்னாய்யா இது? ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?"

"எப்பவுமே இப்டித்தான் மேடம்!" பரசுராமன் பல்லைக் காட்டினான். "சுத்தம்னா நமக்கு உசுரு."

ஹெட் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பன் கைப்பிடியில் கை வைத்தார். எடுத்தார். உள்ளங்கை வெள்ளிபோல் பளபளத்தது.

"உசுரு இன்னும் காயல மேடம்!"

மதியம் பிரேதப் பரிசோதனை முடிந்து செய்தி வந்தது. வாக்கி டாக்கியில் கேட்டுவிட்டுக் கார்குழலி மெதுவாகத் திரும்பினாள்.

"மண்டையில ரெண்டு அடி. ஒரே எடத்துல. இரும்பால அடிச்சிருக்கான். படிக்கட்டு ஒரு ஆளை ஒரே எடத்துல ரெண்டு தபா அடிக்குமா?"

பரசுராமன் பெயின்ட் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்தான்.

"கொ... கொலையா மேடம்?"

"பொணத்தை நவுத்தினது யாரு?"

"நா... நான்தான்."

"ரத்தத்தைக் கழுவினது?"

"நான்தான். ஆனா மேடம்..."

"நேத்து இவன் எங்க மச்சான்கூட மல்லுக்கு நின்னாம்மா!" எபினேசர் முன்னால் வந்தான். காலையில் தெய்வமாக இருந்தவன்! "கக்கூசு நாறுதுன்னு மச்சான் சத்தம் போட்டாரு. ஹெல்த் ஆபீசருக்கு எழுதிப் போட்டு வேலைய விட்டே தூக்குறேன்னாரு. இவன் மொறைச்ச மொறைப்பு இருக்கே...!"

"அடப்பாவி! சார்... நீதானே கழுவச் சொன்ன!"

"பொணத்தைக் கட்டில்ல கெடத்தச் சொன்னேன். கொலைய மறைக்கவா சொன்னேன்?"

கார்குழலி பரசுராமனின் தோளில் கை வைத்தாள். அந்தக் கை, தூக்குக் கயிறு மாதிரி கனத்தது.

"மேடம்... சத்தியமா சொல்றேன்! பாசி இருந்திச்சு மேடம்! வழுக்கி வுழுந்துட்டான்னு நெனச்சி, மாட்டிக்குவேன்னு பயந்து கழுவினேன்! இந்த பில்டிங் படு கலீஜு மேடம்! என்னியப் போல சோம்பேறி இந்த ஏரியாவுலயே கெடையாது! யாரை வேணா கேளு!"

கேட்டாள்.

எதிர் இட்லிக் கடை முத்தம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டாள். 'கொசுக்குப் பொறந்தவன்' என்று பரசுராமனைத் தினமும் வறுத்தெடுப்பவள் முத்தம்மா. ஆனால் காக்கிச் சட்டை வந்து கேட்டால் தெருக்காரனை விட்டுக்கொடுப்பார்களா? அது இந்தத் தெருவில் வழக்கமே இல்லை.

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? ஆஸ்பத்திரி கண்ணாடியாட்டம் கீது! தரையில மூஞ்சி பாத்து பொட்டு வச்சிக்கலாம்! பரசு தங்கமான புள்ள!"

சொல்லிவிட்டு, அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். 'காப்பாத்திட்டேன் பாரு' என்ற பெருமை அவள் முகத்தில்!

"எக்கா... உண்மைய சொல்லுக்கா! நாறும்னு சொல்லுக்கா!"

"சே, சே! நாறறதா? என்ன பேச்சு பேசுற நைனா!"

சைக்கிள் கடைக்காரர் ஒரு படி மேலே போனார். அந்தத் தரையில் இலை போடாமலே சாப்பிடலாம் என்றார். பூக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். ஊரே சேர்ந்து அன்பாக அவன் கழுத்தில் சுருக்கைப் போட்டது.

"ஜீப்புல ஏத்துங்க," என்றாள் கார்குழலி.

பரசுராமன் தரையில் விழுந்தான். பெண்பிள்ளைகள் இரண்டும் கண்ணுக்குள் வந்து போயின. எங்கேயாவது, கட்டடத்தில் ஏதாவது ஒரு மூலையில், காலையில் அவன் கை படாத அழுக்கு மிச்சம் இருக்காதா...?

மின்னல் வெட்டியது!

"டேங்க்கு!" எழுந்து நின்றான். "மாடியில தண்ணி டேங்க்கு கீது மேடம்! நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து கழுவினதே இல்ல! வந்து பாரு மேடம்! எவ்ளோ கேவலமா வச்சிருக்கேன்னு நீயே சொல்லுவ!"

கார்குழலி கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"தூக்குத் தண்டனைக்கு முன்ன கடைசி ஆசை மேடம். பாத்துடலாம்."

எல்லோரும் மாடிக்குப் போனார்கள். எபினேசரும் வந்தான். அவன் நடை மட்டும் ஏனோ பின்தங்கியது.

துருப்பிடித்த மூடியைத் தூக்கிய வேகத்தில் கிளம்பிய நாற்றத்தில் கிருஷ்ணப்பன் இரண்டடி பின்னால் போனார். உள்ளே பச்சைக் குழம்பு. மிதந்தது ஒரு காக்கை... அல்லது ஒரு காலத்தில் காக்கையாக இருந்தது.

"பாத்தியா மேடம்!" பரசுராமனின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! "இது மேலாப்புல! அடியில சேறு கீது, காட்டுறேன் இரு!"

மூங்கில் கழியை உள்ளே விட்டுக் கலக்கினான்.

டங்!

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

டங்!

"கல்லு போல மேடம்..."

"எடு அதை!"

கழியில் மாட்டி மேலே வந்தது ஒரு குளியல் துண்டு. அதற்குள் கனமான இரும்பு பைப். துண்டின் மடிப்புக்குள் தலைமுடி.

கழுவாத டேங்க் என்று கண்டுபிடித்து, கழுவவே மாட்டார்கள் என்று நம்பி எவனோ போட்டிருக்கிறான்!

கார்குழலி துண்டின் மூலையைப் பிழிந்து விரித்தாள். சலவைக்காரர் வீட்டுக்கு ஒன்றாகப் போடும் மைக்குறி. மூன்று புள்ளி, நடுவே ஒரு கோடு. வெளுத்தாலும் போகாத மை.

திரும்பினாள்.

"எபினேசர் சார்... சட்டைக் காலரைக் கொஞ்சம் திருப்புங்க."

"எ... எதுக்கு?"

கிருஷ்ணப்பனே திருப்பினார்.

மூன்று புள்ளி. நடுவே ஒரு கோடு!

எபினேசர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாடா ஒழச்சேன் அந்தக் கடைக்கு... பூராத்தையும் அவரு மக ஷிஜி பேருக்கு எழுதப் போறேன்னு சொன்னாரு. எனக்கு என்ன மச்சான்னு கேட்டேன். சிகரெட்டை ஊதிக்கிட்டே சிரிச்சாரு... சிரிச்சுட்டே எறங்குனாரு..."

விலங்கு அவன் கையில் விழுந்தது.

பரசுராமன் மொட்டை மாடியிலேயே ஒரு குத்தாட்டம் போட்டான். "தப்பிச்சேன்டா! என் சோம்பேறித்தனமே என்னியக் காப்பாத்திச்சு!"

"பரசு."

பூமாரியின் குரல்.

அவள் டேங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு எழில்மொழி... மாசமா இருந்தப்ப ரத்தம் ஏத்த இங்கதான படுத்திருந்தா? நானே குழாயில புடிச்சி, சொம்பு சொம்பா குடுத்தேனே... இந்தத் தண்ணியவா...?"

ஆட்டம் நின்றது.

ரோசி சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். "வூட்டுக்குப் போனப்புறம் மஞ்சக்காமாலை மேடம்... கெட்ட தண்ணியில வர்றது, மாசமா இருக்கறவங்களுக்கு உசுருக்கே ஆபத்து. வயித்துப் புள்ளையோட போயிட்டா. அவ மட்டும் இல்ல... மாசமா வந்து படுத்த இன்னும் ரெண்டு பேரும்... எங்கேர்ந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே புரியல..."



கார்குழலி டேங்க் மூடியைப் போட்டுவிட்டுப் பரசுராமனின் எதிரே வந்து நின்றாள்.

"அவன் ஒருத்தரைக் கொன்னான். அதுக்கு இரும்பு தேவைப்பட்டுது. நீ சும்மா இருந்தே கொன்னிருக்க."

"மேடம்... நானா வந்து காட்டினேன் மேடம்...!"

"ஆமா. சாட்சிக்கு வேற ஆளே தேவையில்ல."

பூமாரி அழவில்லை. அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் படியிறங்கினாள்.

*

ஜீப்பில் எபினேசருக்குப் பக்கத்தில் பரசுராமன். தெருவோரம் முத்தம்மா ஒன்றும் புரியாமல் கை ஆட்டினாள்.

"சார்... தொண்ட காயுது... ஒரு வாய் தண்ணி..."

கிருஷ்ணப்பன் சீல் வைத்த பாட்டில் ஒன்றை அவன் கண்ணுக்கு நேரே ஆட்டினார். உள்ளே பச்சையாக ஏதோ மிதந்தது.

"கோர்ட்டுக்குனு புடிச்சி வச்சது மாமு... உன் டேங்க்குத் தண்ணிதான், குடிக்கிறியா?"