மறுத்துப் பேசக் கூடாது

ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீனின் பழைய வீட்டுக்குச் சரளா ஒரு திங்கட்கிழமை காலை நர்ஸ் வேலைக்கு வந்தாள். எண்பது வயது மௌரீனுக்கு மறதி நோய். தெருவில் இறங்கிப் போய்விடுவாள் என்று மகள் லவினா வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போனாள். முன்பிருந்த நர்ஸ் எல்லம்மா கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாளாம். சரளா நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன வந்தது?

மறதிக்காரர்கள் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே அதுதான். செத்துப்போன கணவர் வருகிறார் என்றால், வரட்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் மௌரீன் குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"எல்லம்மா வீட்டுக்குப் போணும்னு அழுவுறா. அவளுக்குப் பதிலா நீ இருக்கியா?"

"இருக்கேன்மா," என்றாள் சரளா, மருந்தைப் பிரித்தபடி.

குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அதன் அருகில் யாரும் இல்லை.

கதவு திறந்தது. பாசி பிடித்த தண்ணீரின் வாடை வந்தது. ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகக் கூடத்தைக் கடந்து, பூட்டிய வெளிக்கதவு வரை போய் நின்றுவிட்டன.

சரளா லவினாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். லவினா மெதுவாக ஒப்புக்கொண்டாள். எல்லம்மா குளிக்கப் போனபோது அம்மா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிட்டாள். உள்ளே வழுக்கி விழுந்து செத்துக் கிடந்தவளை லவினா வந்து பார்த்தது மூன்றாம் நாள்.

"சொன்னா யாரு வேலைக்கு வருவாங்க, சரளா?"

சரளாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது. நம்பி வந்தவளின் கழுத்தை இப்படியா அறுப்பது?

"சாவியை எடுத்துட்டு வாங்க மேடம். இப்பவே வாங்க."

மாலையில் வருவதாகச் சொல்லி லவினா போனை வைத்துவிட்டாள். சரளா வெளிக்கதவை உதைத்தாள், குலுக்கினாள். அது அசையவில்லை.

ஐந்து நிமிடத்தில் லவினாவே கூப்பிட்டாள். குரலில் கோபம்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டு எங்க போற? காலைல உன்னைப் பாத்த எதிர்வீட்டு ஷோபா இப்பதான் சொன்னாங்க. நீ கேட்டைச் சாத்திட்டுத் தெருவுல போறியாம். தலையெல்லாம் ஈரமாம். வெளிக்கதவுப் பூட்டு அப்படியே இருக்காம். எப்படி வெளிய வந்த?"

"மேடம், நான் உள்ளதான் இருக்கேன்!"

"ஹலோ," என்றாள் லவினா. "ஹலோ, சரளா?"

சரளா தொண்டை கிழியக் கத்தினாள். லவினா இன்னும் இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, போனை வைத்தாள்.